குழாய்த் தண்ணீருக்குக் கிடைத்த நற்சான்று

மீள்குடியேற்றக் காலத்தில் எங்களுக்கு வழங்கப்பட்டவற்றுள் நான் இன்றளவும் மன்னிக்காத பொருள் ஒன்று உண்டு. அது எங்கள் வளவின் வேலியோரத்தில் நாட்டப்பட்ட தண்ணீர்க் குழாய்.

இலுப்பைக்கடவைக்குச் செல்லும் கரையோர வீதியில் உள்ளது எங்கள் ஊர். போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது வீடுகளுக்குக் கூரை இல்லை. கிணறுகளுக்குள் கிடந்தவற்றை இங்கே எழுதுவது முறையன்று. ஆகவே வீட்டுக்கொரு குழாய் வருகிறது என்றதும் ஊர் மகிழ்ந்தது. திறப்பு விழாவில் பங்குத்தந்தை குழாயை ஆசீர்வதித்தார். ஓய்வுபெற்ற கல்லூரி அதிபர் என்ற முறையில் எனக்கு முன்வரிசையில் கதிரை போட்டிருந்தார்கள். மேடையில் அமர்ந்திருந்த பெரியவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர் இருந்ததை அப்போதே கவனித்தேன். சபை நாகரிகம் கருதி வாய் திறக்கவில்லை.

குழாயிலிருந்து விழும்போது அந்தத் தண்ணீர் தெளிவாகவே தோன்றும். வாளியில் சற்று நேரம் நின்றதும் செம்மஞ்சளாக மாறிவிடும். வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போலிருக்கும். விழுங்கிய பிறகு உப்புக் கரிக்கும். வெள்ளைச் சேட்டு அணியாமல் நான் ஒருநாளும் வகுப்பறைக்குள் கால் வைத்தவனல்லன். அந்தச் சேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனம்பழச் சதையின் நிறத்துக்கு வந்தன. ஞாயிறு பூசைக்கு அவற்றை அணிந்து செல்ல நேர்ந்த அவமானத்தை இங்கே விரித்துரைக்க விரும்பவில்லை.

நல்லவேளையாகப் பவுசர் என்னும் தண்ணீர் வண்டி இருந்தது. உயிலங்குளப் பக்கத்திலிருந்து நல்ல தண்ணீர் ஏற்றி வந்து, சந்தியில் இருந்த கறுப்புத் தாங்கியை நிரப்பிவிட்டுப் போகும். அதைக் குடத்தில் எடுத்து வந்து மண்பானையில் ஊற்றி மூடி வைப்போம். குடிப்பதற்கும், குழந்தைகளுக்குப் பால் கரைப்பதற்கும், வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் வைப்பதற்கும் மட்டுமே அந்தப் பானையைத் திறப்பது. மற்றெல்லாவற்றுக்கும் குழாய். வசதி என்று சொல்ல முடியாது. ஆயினும் உயிர் வாழலாம்.

குழாய்த் தண்ணீரைப் பற்றி ஊர் முறையிட்டது. நீர்வழங்கல் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி, சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்க வந்தார். அன்று நான் ஓய்வூதிய அலுவலாக மன்னாருக்குப் போயிருந்தேன். சில வாரங்களின் பின் அதே அதிகாரி கோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டி முடிவை அறிவித்தார்.

"உங்கட தண்ணியைச் சோதிச்சாச்சு. ஒரு குறையும் இல்லை. தாராளமாய்க் குடிக்கலாம். இனிப் பவுசர் வராது."

மண்டபம் இரைந்தது. நான் எழுந்தேன். "எந்தக் குழாயில் எடுத்த தண்ணீர் அது?" என்று வினவினேன்.

அவர் புன்னகை செய்தார். "என்ன சேர், முதல் போத்தல் உங்கட வீட்டிலதானே நிரப்பினது!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. எங்களுக்கு அடுத்த வளவில் குடியிருந்த பெண், கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர், மகளோடும் பால்குடிப் பேரனோடும் வாழ்ந்தவர், வாய் அடக்கத் தெரியாதவர், உரத்துச் சொன்னார்: "ஆருக்குத் தெரியும், மாஸ்டர் வீட்டுக் குழாயில மட்டும் இளநி வருதோ என்னவோ!"

சிரித்தார்கள். என்னிடம் படித்தவர்களும் சிரித்தார்கள். கந்தோரோடு நான் ஏதோ ஏற்பாடு செய்துகொண்டு தனிக் குழாய் இழுத்துவிட்டதாக ஊர் பேசத் தொடங்க அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

வீட்டுக்கு வந்து என் மனைவியைக் கேட்டேன். அவர் அரிசி கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

"ஓம், வந்தவர். கதிரையில இருத்தித் தேத்தண்ணி குடுத்தனான். போத்தலை நீட்டி, குழாய்த் தண்ணி நிரப்பித் தாங்கோ எண்டு கேட்டவர். பானையில மொண்டு நிரப்பிக் குடுத்தனான்."

"பவுசர்த் தண்ணீரையா?"

"பின்ன? போத்தலில உங்கட பேரை எழுதி ஒட்டுறார். அதைக் கொண்டுபோய் நாலு பெரிய மனிசருக்கு முன்னால வைக்கப்போறினம். அந்தத் துருத்தண்ணியையோ எங்கட வீட்டுப் பேரில அனுப்பச் சொல்லுறியள்?"

 வாசலுக்கு வந்தவருக்கு வீட்டில் உள்ள மிகச் சிறந்ததைக் கொடுத்தே பழகிய கை அது. இடம்பெயர்ந்திருந்த முகாமின் கூடாரத்துக்குள்ளும் வந்தவருக்கு வெறுங்கோப்பை நீட்டாத கை. அந்தக் கையை நான் குறை சொல்ல மாட்டேன். என் சினமெல்லாம் அந்தக் கதிரையில் அமர்ந்திருந்தவர் மீதே. முற்றத்தின் மூலையில், கண்ணுக்கெதிரே குழாய் நிற்கிறது. எழுந்து போய்த் திருகிப் பிடிப்பதற்கு அவருக்கு என்ன தடை? தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க வேண்டியிருந்திருக்கும், அவ்வளவே. அந்தச் சோம்பலின் விளைவாக, பவுசர்த் தண்ணீர் நற்சான்று பெற்றுப் பவுசரையே நிறுத்திவிட்டது.

என் மனைவி இதை வேலிக்கு மேலாக அடுத்த வளவுக்குச் சொன்னார். நான் தடுத்திருப்பேன்; வீட்டுப் பேச்சை வெளியே கொண்டுபோவது எங்கள் குடும்பத்து வழக்கமன்று. ஆனால் அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"ஐயோ அக்கா," என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "எங்கட வீட்டையும் வந்தவர். நானும் பானையிலதான் மொண்டு குடுத்தனான். ஒரு சின்னத் தூசி கிடந்தது, அதையும் எடுத்துப்போட்டுக் குடுத்தனான்."

நான் கந்தோருக்குப் போனேன். வாசலில் ஒரு வாங்குப் பலகையில் இருத்தினார்கள். அந்த அதிகாரி கூட்டத்தில் இருப்பதாகவும், பிறகு சாப்பிடுவதாகவும், பிறகு வெளியே போய்விட்டதாகவும் சொன்னார்கள். மறுபடியும் போனேன். "சோதனை முடிஞ்சுது ஐயா, அடுத்த வருசம் பாப்பம்," என்றார் ஒருவர், என்னிலும் பாதி வயதுக்காரர், நிமிர்ந்து பாராமலே. என் மாணவராக இருந்திருந்தால் அவரை எழுந்து நிற்க வைத்திருப்பேன். இதற்கிடையில் தாங்கி வற்றியது. பானைகள் வற்றின. அடுத்த வளவுப் பேரனுக்குக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிப் பால் கரைத்தார்கள். பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டு ஆசுபத்திரியில் வைத்திருந்தார்கள். அதன் பின்பு நான் கந்தோருக்குத் தனியாகப் போகவில்லை. என்னைக் கேலி செய்த அந்தப் பெண்ணும் கூட வந்தார். அவர் பேசிய பேச்சுகள் நான் எழுதக்கூடிய தரத்தவை அல்ல. ஆனால் அதிகாரி மறுவாரமே வருவதாக ஒப்புக்கொண்டார்.

அவர் வரும் நாளில் என் மனைவி அலுமாரியிலிருந்து பூப்போட்ட கோப்பைகளை எடுத்தார். முந்தின நாள் மன்னாரிலிருந்து நான் சுமந்து வந்த தண்ணீர் பானையின் அடியில் சிறிதளவு மிஞ்சியிருந்தது.

"குழாய்த் தண்ணீரில் தேநீர் வையும்," என்றேன்.

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. வந்த மனிசருக்கு அதைக் குடுத்தால் நான் எந்த முகத்தோட நிக்கிறது?"

"குடுங்கோ அக்கா," என்றார் அடுத்த வளவுப் பெண், வேலிப் பொட்டால் உள்ளே நுழைந்தபடி. "பேரப்பிள்ளை குடிச்சதை அவரும் ஒருக்கால் குடிக்கட்டும்."

என் மனைவி வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

இரும்பு கலந்த தண்ணீரில் தேயிலை என்ன நிறம் கொள்ளும் என்பதை அறியாதவர்கள் எங்கள் ஊருக்கு வந்து பார்க்கலாம். பால் சேர்க்காத அந்தத் தேநீர் எழுதும் மை போலக் கறுத்திருந்தது. மேலே எண்ணெய் போல ஓர் ஆடை. அதிகாரி கோப்பையை உற்றுப் பார்த்தார்.

"இது கோப்பியோ?"

"தேத்தண்ணி," என்றார் என் மனைவி.  "நீங்கள் நல்லம் எண்டு சொன்ன தண்ணியில வைச்சது."

அவர் ஒரு மிடறு குடித்தார். இரண்டாவது மிடறு குடிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, போத்தல்களை எடுத்துக்கொண்டு, எவரும் சொல்லாமலே குழாயடிக்கு நடந்தார். நானும் அடுத்த வளவுப் பெண்ணும் இரு பக்கமும் நின்றோம். அவர் தம் கையாலேயே நிரப்பினார்.

திரும்பி வந்தபோது மேசையில் இன்னொரு கோப்பை இருந்தது. பொன்னிறத் தேநீர். பானையின் அடியில் கிடந்த கடைசித் தண்ணீரை, அன்றிரவு நாங்கள் குடிப்பதற்கென்று வைத்திருந்ததை, என் மனைவி அவருக்கு வைத்திருந்தார்.

"வாய்க் கரிப்போட போகாதேங்கோ," என்றார்.

அந்த மனிதர் அதைக் கடைசித் துளிவரை குடித்தார். நன்றி சொன்னார். பிழை விட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. இன்றுவரை எவரும் சொல்லவில்லை. புதிய சோதனை முடிந்ததும் பவுசர் திரும்பி வந்தது. குழாய் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது, இன்னும் துருவைத்தான் கக்குகிறது.

அன்றிரவு நாங்கள் இருவரும் தண்ணீர் குடியாமலே படுத்தோம். கறுத்த கோப்பையின் உட்புறத்தை என் மனைவி சாம்பலிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் தேநீரைத் தம் கையால் பரிமாற வைத்ததற்காக என்னோடு பல நாட்கள் பேசவில்லை. அந்தக் கோபத்தையும் நான் கந்தோரின் கணக்கிலேயே சேர்க்கிறேன்.