கற்பூரம் போட்ட சவர்க்காரம்

சீமைச் சவர்க்காரத்தில் மாட்டுக் கொழுப்பு சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாள் முதல் அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. பதுளைக்குப் பக்கத்தில், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் இலை வாட்டும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காயெண்ணெயும் காரத் தண்ணீரும் கலந்து நானே சவர்க்காரம் போடுவேன்.

வாசனை சேர்ப்பதுதான் கஷ்டம். தெற்கே காய்ச்சி எடுக்கும் புல்லெண்ணெய் மலிவு. அதை மட்டும் விட்டால் மூக்கில் குத்தும். கராம்பெண்ணெய் கொஞ்சம் கூடினாலும் கலவை கிண்டக் கிண்டவே இறுகிவிடும், அச்சில் ஊற்ற நேரம் தராது. அதனால் முதலில் பஞ்சில் துளித்துளியாக விட்டு, தகர டப்பாவில் மூடிவைத்து, மறுநாள் திறந்து மோந்து பார்ப்பேன். முரட்டு வாசம் அடங்கிய பிறகுதான் கலவையின் உண்மையான மணம் தெரியும்.

பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் எங்களுக்கு வேண்டியவர். என் மனைவி பிரசவத்தில் துடித்தபோது தன் வண்டியைக் கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

“தம்பி, சீமைச் சவுக்காரத்துல பண்டிக் கொழுப்பு ஈக்குதாம். எங்கட ஊட்டுப் பொம்பளைகள் தொடமாட்டாங்க. கல்யாணப் புள்ள குளிக்க நீங்க போட்டுத் தாங்க” என்றார். எனக்கு மாட்டுக் கொழுப்பு எப்படியோ, அவர்களுக்குப் பன்றிக் கொழுப்பு அப்படி.

அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. எனக்குத் தெரிந்ததிலேயே நல்ல வாசனையைக் கொடுக்க நினைத்தேன். சந்தனத்தோடு கற்பூரத்தைச் சேர்த்தேன்.

“சாமிக்குக் காட்டுறத ஒடம்புல தேய்ச்சுக் குளிக்கிறதாங்க?” என்றாள் மனைவி.

“தீர்த்தத்துல பச்சைக் கற்பூரம் போட்டுக் குடிக்கிறோமே, அப்புறம் என்ன?” என்றேன்.

ஒரு மாதம் காயவைத்து, ஆறு கட்டிகளை அனுப்பினேன். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் நானா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனபோது அவர் முகம் சரியில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி பேசினார்.

“தம்பி, எங்கட ஆக்கள் மௌத்தானா கடைசித் தண்ணியில கற்பூரம் போட்டுத்தான் குளிப்பாட்டுற. மணப்பொண்ணுக்கு அந்த வாசத்தயா அனுப்பினீங்க?” குரல் உடைந்துவிட்டது.

எனக்குச் சந்நிதி வாசம். அவர்களுக்கு இறந்தவரைக் குளிப்பாட்டும் மையத்து வாசம். நானாதான் சிரிக்க வைக்கப் பார்த்தார். “நான் அதுல கைகழுவினேன் தம்பி. மூச்சு ஈக்குதான்னு இவ என் மூக்குல வெரல வச்சுப் பாக்குறா!”

உள்ளே யாரும் சிரிக்கவில்லை.

புதிதாகப் போட்டால் நான்கு நாளில் ஆறாது, தோலை எரிக்கும். வீட்டில் என் குழந்தைக்கென்று வாசனை சேர்க்காமல் எடுத்துவைத்த பழைய கட்டிகள் இருந்தன. ஸ்டோரில் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அவற்றையும் எண்ணெய்ப் போத்தல்களையும் சுமந்துகொண்டு பதுளைக்கு நடந்தேன். இந்த முறை நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு எண்ணெயையும் பஞ்சில் விட்டு, தட்டில் வைத்து, நானா கையில் உள்ளே அனுப்பினேன். புல்லெண்ணெய் திரும்பி வந்தது. கராம்பும் வந்தது. சந்தனப் பஞ்சு மட்டும் உள்ளேயே நின்றது. கூடவே ஒரு சின்ன ரோசா அத்தர்க் குப்பி வெளியே வந்தது.

“ரெண்டு சொட்டுத்தான். கூட ஊத்திப்போடாதீங்க” என்று திரைக்குப் பின்னாலிருந்து கட்டளை.

நானா வீட்டுப் பின்கட்டு அடுப்பில், கட்டிகளைச் சீவி, பன்னீர் தெளித்து, கொதிநீர்ச் சட்டிமேல் வைத்து இளக்கினேன். சூடு தணிந்த பிறகே சந்தனத்தையும் அத்தரையும் விட்டேன். சூட்டில் விட்டால் மணம் ஆவியாய்ப் போய்விடும். மரப்பெட்டியில் அழுத்தி, சாயங்காலம் துண்டு போட்டு உள்ளே அனுப்பினேன்.

முருகா, அந்தப் பெண் மனம் நோகக்கூடாது என்று வேண்டிக்கொண்டே முற்றத்தில் நின்றேன்.

நானா தட்டோடு வெளியே வந்தார். “ஒரு துண்டு கொறயுது தம்பி. புள்ள எடுத்துட்டு உள்ள போயிட்டா. கேட்டா, தரமாட்டேங்கிறா.”

அப்புறம்தான் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தேன்.