கல்லங்குறிச்சிக்கு இரண்டு ஜாதகங்கள்

1983 பிப்ரவரி ஐந்தாம் தேதி, சனிக்கிழமை. அதிகாலை ஐந்து நாற்பதுக்குத் தஞ்சாவூரிலிருந்து அரியலூர் பஸ் கிளம்பியது. தூரம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு மூன்று ரூபாய் எண்பது காசு. பஸ்ஸில் பாதி இருக்கை காலி. திருவையாறு வருவதற்குள் நான் இரண்டு தடவை இடம் மாறி உட்கார்ந்தேன்.

"ஒரு எடத்துல உக்காருங்க மாமா. பஸ்ஸுக்குள்ளயே நடந்து அரியலூர் போயிடுவீங்க போலருக்கு" என்றாள் கமலா.

மாமா என்பது வெறும் கூப்பிடும் பேர் அல்ல. கமலா என் அக்காவின் மூத்த மகள். நான் அவளுக்குத் தாய்மாமன். கல்யாணமாகி எட்டு வருஷம். இப்போது அவள் தங்கை வசந்தாவை என் தம்பிக்குக் கொடுப்பதாகப் பேச்சு. சொந்தத்துக்குள் பெண் எடுத்தால் பொருத்தம் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. இரண்டு ஜாதகத்தையும் கல்லங்குறிச்சிப் பெருமாள் சந்நிதியில் வைத்து எடுத்து வந்தால் போதும், முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பூ வைக்கிறார்கள். மஞ்சள் தடவிய அந்த இரண்டு ஜாதகங்களும் கமலாவின் மடியிலிருந்த ஒயர் கூடைக்குள் இருந்தன.

எனக்கு வேறு வேலையும் இருந்தது. பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறேன். பரிணாமப் பாடம் வந்தால் கரும்பலகையில் சிப்பி, நத்தை, பல்லி, குரங்கு என்று வரிசையாகப் படம் போட்டு அம்புக்குறி இழுப்பேன். கல்லான சிப்பி ஒன்றைக்கூட நான் கையில் தொட்டதில்லை. அரியலூர் ஒரு காலத்தில் கடலாக இருந்த ஊர், பக்கத்திலேயே இருக்கிறது, போனதில்லை. வெட்கக்கேடு.

அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. எங்களுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. பையன் ஒன்பது நாள், பெண் நான்கு மாதம். பெண் குழந்தையை மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அங்கே ஒரு டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, நெருங்கிய ரத்த உறவில் கட்டியதுதான் பெரும்பாலும் காரணம் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கமலாவிடம், "காரணம் தெரியலையாம்" என்று சொன்னேன். நாலு வருஷம் ஆயிற்று. அதே குடும்பத்தில் இன்னொரு தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் முடிச்சுப் போட நானே கூடை தூக்கிக்கொண்டு போகிறேன். சாயங்காலத்துக்குள் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

திருவையாறு தாண்டியதும் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு, கொள்ளிடம் பாலம் வரட்டும் என்று தள்ளினேன். பாலமும் வந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் மணல், ஓரத்தில் மட்டும் தண்ணீர் ஓடியது. அந்தப் பக்கம் திருமானூரில் கரும்பு ஏற்றிய வண்டிகள் நிற்க, பஸ்ஸும் கால் மணி நேரம் நின்றது. சொல்வதற்குத் தோதான கால் மணி நேரம். நான் இறங்கிப் போய்க் கடலை வாங்கி வந்தேன்.

ஏழு மணி இருபது, அரியலூர். திருமானூருக்கு இப்பால் பச்சை குறைந்து மண் சிவந்துவிட்டது. கருவேலம் புதர், சுண்ணாம்புத் தூசி, லாரி. நிலையத்தை ஒட்டிய ஓட்டலில் இட்லி முப்பது காசு, காபி ஐம்பது காசு. முதலில் கோயில் என்றாள் கமலா. வெயில் ஏறுமுன் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தைப் பார்த்துவிடலாம் என்றேன் நான்.

"சாமிய காக்க வெச்சுட்டு கல்ல பாக்கணுமா? கல்லு எந்திரிச்சு ஓடிடுமா?"

"சாமி மட்டும் ஓடிடுமா?"

"ஒங்களுக்கு வாய்தான்" என்று சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்குக் குற்றவுணர்ச்சி இரட்டிப்பாயிற்று. உச்சிக்குள் திரும்பாவிட்டால் நடை சாத்திவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொளக்காநத்தம் பஸ்ஸில் ஏற்றினேன்.

பக்கத்து இருக்கையில் குரும்பலூர்க்காரர் ஒருவர். அந்தப் பக்கம் பெண் கொடுத்திருக்கிறாராம். நாங்கள் சாத்தனூர் போவதைக் கேட்டுவிட்டு, "மரத்த பாக்கவா? வர்றவங்க எல்லாம் பத்து நிமிசத்துல திரும்பிடறாங்க. நெழல் தர்ற மரமா இருந்தா கொஞ்சம் உக்காருவாங்க" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று அங்கே போன பிறகு தெரிந்தது.

கொளக்காநத்தத்தில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தோம். ஒரு மணி நேரத்துக்குக் குறையவில்லை. ஓடைக் கரையில் கம்பிவேலி, அதற்குள் மரம் படுத்திருந்தது. பதினெட்டு மீட்டர் நீளம், வயது பன்னிரண்டு கோடி வருஷம் என்று பலகையில் எழுதியிருந்தார்கள். பட்டையின் வரி, கிளை முறிந்த கணு, எல்லாம் அப்படியே இருந்தன. தட்டினால் கல். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை மறைக்க மரத்தின் நீளத்தை நடந்து அளந்தேன்.

காவலுக்கு இருந்தவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் நேராகக் கேட்டார்.

"மரம் கல்லாயிடுச்சுங்கறீங்க, சரி. கண்ணால பாக்கறேன், ஒத்துக்கறேன். அதுக்கும் முன்னாடி வெறுங் கல்லும் தண்ணியுந்தான் இருந்துச்சுங்கறாங்களே. அதுலேர்ந்து மொத உசுரு எப்டி சார் வந்துச்சு?"

ஆரம்பித்துவிட்டேன். சூடான கடல், இடி மின்னல், உப்புகள் ஒன்றோடொன்று கூடுவது, தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்யத் தெரிந்த ஏதோ ஒரு பொருள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கூடுச்சு, சரி. கூட்டுனது யாரு?"

"யாரும் கூட்டணும்னு இல்ல. தானா நடந்திருக்கலாம்."

"நடந்திருக்கலாம்னா, நடந்துச்சா?"

"இப்படித்தான் இருக்கணும்னு..."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க சார். நான் ஒண்ணும் கோச்சுக்க மாட்டேன்."

"தெரியாது" என்றேன். வகுப்பில் ஒரு நாள்கூட நான் சொல்லாத வார்த்தை. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இன்னொரு பீடி எடுத்தார்.

கமலா வேலி ஓரம் உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரம் எப்படிக் கல்லாகும் என்று கேட்டாள். ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடல் சேற்றில் புதைந்தது. மரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகப் போக, அந்த இடத்தில் தண்ணீரிலிருந்த தாதுப்பொருள் உட்கார்ந்துகொண்டது. இதில் மரத்தின் உருவம் மட்டுந்தான் மிச்சம் என்று சொன்னேன். அவள் மண்ணைக் கிளறியபடி இருந்தாள்.

"வெண்ணாத்தங்கரைல நாம வெச்ச ரெண்டும் இப்டி ஆகுமா மாமா?"

நான் வாத்தியார் புத்தியில் பதில் சொன்னேன். "ஆகாது. அது ஆத்து மண்ணு, காத்தும் ஈரமும் போய்ட்டு வரும். மக்கிடும்."

"ரெண்டும் மக்கியிருக்குமா?"

"ஆமா."

திரும்பி நடக்கையில் கூடையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், அவள் கொடுக்கவில்லை.

மணி ஒன்று பத்து, மறுபடி அரியலூர். கோயில் நடை நான்கு மணிக்குத்தான் திறக்கும் என்றார்கள். எதிர்பார்த்ததுதான், எனக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்து எரிச்சலாகவும் இருந்தது. ஐம்பது காசு டவுன் பஸ்ஸில் கல்லங்குறிச்சிக்குப் போய், கோயிலுக்குப் போகாமல், பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளத்துக்குக் கமலாவைக் கூட்டிப்போனேன். ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி விட்டார்.

பள்ளத்தின் சுவரருகே போய் நின்றேன். ஆள் உயரத்துக்குச் சிப்பி மேல் சிப்பி. உள்ளங்கை அளவு, அதைவிடப் பெரிது, வளைந்து தடித்தது. கீழேயும் அதேதான், சிப்பியை மிதிக்காமல் கால் வைக்க முடியவில்லை. கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, பொன்னம்மாள் என்று பேர், முழுசாகக் கிடைத்தவற்றை ஓரத்தில் தனியாகக் குவித்து வைத்திருந்தாள். காலேஜ் பிள்ளைகள் வந்தால் எடுத்துப் போவார்களாம்.

"ரெண்டு ஓடும் மூடிக்கிட்டு இருக்கறது சுத்தியலுக்கு அசையாதுங்க, கை காந்திப்போவும்" என்றாள். "ஒத்த ஓடு ஒரே போடுல ஒடஞ்சிடும். செத்தப்பறம் வாயத் தொறந்து, ஓடு தனித்தனியா போனது அது. மூடுனது அப்டியில்ல. உசுரோட இருக்கறப்பவே அது மேல மண்ணு விழுந்துடுச்சு."

ஒரு வருஷம் பாடம் எடுத்தாலும் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அவள் கொடுத்த ஒரு மூடிய சிப்பியைக் கமலா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இத்தனையும் எதுக்கு மாமா பொறந்துச்சு?"

"எதுக்குன்னு ஒண்ணும் கெடையாது. ஒரு சிப்பி லட்சக்கணக்குல முட்ட விடும். நெலச்சு நிக்கறது ஒண்ணோ ரெண்டோ."

"நிக்கறது எது, போறது எதுன்னு யாரு முடிவு பண்றா?"

"யாருமில்ல. அப்பன் ஆத்தாகிட்டேர்ந்து பிள்ளைக்கு எறங்கறப்ப எங்கயாவது ஒரு தப்பு விழும். பல தப்பு கெடுதல், அது போயிடும். எப்பவாவது ஒண்ணு ஒதவும், அது நின்னுடும். அந்த மாதிரி தப்பே விழலன்னா ஒலகத்துல மீனும் இல்ல, மாடும் இல்ல, நாமளும் இல்ல."

பதினோரு வருஷமாக நடத்தும் பாடம், தடங்கலில்லாமல் வந்தது. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. கமலா சிப்பியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"நம்ம ரெண்டு பேருகிட்டேர்ந்து எறங்குனதுலயும் தப்பு விழுந்துச்சா?"

கல் உடைக்கும் சத்தம் நிற்காமல் கேட்டது. இனித் தள்ள இடமில்லை. சொன்னேன். என் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்த ஒரு பிழை, அக்கா வழியாக அவளிடமும் நேராக என்னிடமும் வந்திருக்கிறது. ஒருவரிடம் மட்டும் இருந்தால் வெளியே தெரியாது. இருவரிடமும் இருந்தால் நாலில் ஒன்று தங்காது. எங்களுக்கு இரண்டுமே அப்படி ஆகிவிட்டது. மெட்ராஸ் டாக்டர் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நாலு வருஷமா."

"வசந்தாவுக்கும் சின்ன மாமாவுக்கும்?"

"ஆகலாம். ஆகாமயும் போகலாம். முன்கூட்டியே பாத்துச் சொல்ல வழி இல்ல."

"இத மனசுல வெச்சுகிட்டா காலைலேர்ந்து கல்லு மரம்னு இழுத்தடிச்சீங்க? நான் கேக்காம இருந்திருந்தா ஜாதகத்த வெச்சுட்டு வந்திருப்போம்ல?"

வந்திருப்போம். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். சிப்பியைப் பொன்னம்மாளின் குவியலில் திரும்ப வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மேடேறினாள்.

நாலே காலுக்குக் கோயில். உள்ளே நிற்பது உயரமான கல் கம்பம், அதுதான் பெருமாள். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் முதல் அறுப்புத் தானியத்தை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். கமலா வெகுநேரம் கைகூப்பி நின்றாள். ஏதாவது வைத்து எடுக்க வேண்டுமா என்று பட்டர் கூடையைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லீங்க. சும்மா கும்புட்டுப் போவத்தான் வந்தோம்."

அரியலூரில் ஐந்து பத்துக்குக் கிளம்பிய தஞ்சாவூர் பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். எனக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. இப்போது நான் இடம் மாறவில்லை. கொள்ளிடம் தாண்டியதும் எங்கள் ஊர் வயல்கள் வந்தன. தாளடிக் கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. இந்த மண்ணில் எதைப் போட்டாலும் முளைக்கும், எதைப் புதைத்தாலும் மக்கும். அரியலூரில் புல் முளைக்கவே யோசிக்கிறது, ஆனால் போனவை எல்லாம் இன்னும் இருக்கின்றன. பிழை இல்லாமல் உயிர் இல்லை என்று இனி கரும்பலகையில் எழுதும்போது கை நிற்குமா என்று யோசித்தேன். நிற்காது என்றுதான் தோன்றியது. உண்மை அதுதானே. அதை யாரிடம் சொல்லவேண்டுமோ அவளிடம் சொல்லாமல் ஊருக்கெல்லாம் சொன்னதுதான் என் கணக்கில் சேர்ந்த பிழை.

தஞ்சாவூரில் இறங்கியதும், பள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கமலா என்னிடம் பேசினாள். "நம்ம வூட்டுக்கு அப்பறம் போலாம். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். என் வாயால சொல்ல மாட்டேன்."

கரந்தையில் அக்கா வீடு. மணி ஏழு. அக்கா கதவைத் திறந்ததும், "பெருமாள்ட்ட வெச்சாச்சா?" என்றாள். வசந்தா பக்கத்து வீட்டில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அக்காவை உட்காரச் சொல்லி, நான் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பள்ளத்தில் சொன்னதை மறுபடி சொன்னேன். இந்தத் தடவை சிப்பி, முட்டை ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னது, நான் மறைத்தது, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்பது, அவ்வளவுதான்.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

"நீ பப்பாளி தின்னதாலதான் போச்சுன்னு எத்தன பேச்சு பேசியிருக்கேன்டி உன்ன" என்றாள் மகளிடம். "வெள்ளிக்கெழம வந்தா ஒரு தடவ, விருந்தாளி வந்தா ஒரு தடவ."

"நீ தெரியாம பேசுனம்மா" என்றாள் கமலா. "அப்பல்லாம் மாமாவும் இங்கதான் இருந்தாரு."

இருந்தேன். இதே பெஞ்சில், காபி டம்ளரோடு.