கறைக்கையின் கண்ணீர்ப் பச்சை

சமையலறையிலிருந்து விசும்பல் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். அதற்கும் பிறகு, "சே, வரமாட்டேங்குதே!" என்று ஒரு சலிப்பு.

முன்னறையில் காத்திருந்த நெசவுக்கார அக்கா பதறி எழுந்தாள். "என்ன தம்பி, உள்ள அழற சத்தம் கேக்குது?"

"ஒண்ணுமில்லக்கா. சாயம் போடுறா" என்றான் கணவன். சைக்கிள் பழுது பார்ப்பவன். பொய் சொல்லத் தெரியாதவன்.

உள்ளே இருந்த அவன் மனைவிக்குத் தெரு வைத்த பெயர் கறைக்கை. முன்பு சலவைக் கடையில் கறை எடுக்கும் வேலை பார்த்தாள். ஒரு வெள்ளைச் சட்டையில் ஒட்டிய காட்டுப்பூவின் மஞ்சள் எதற்கும் மசியவில்லை. முதலாளி அவளைத் துரத்தினார். அவளோ அந்தப் பூவைத் துரத்திக்கொண்டு போனாள். தண்டவாளத்து ஓரமெல்லாம் மண்டிக் கிடந்தது. அன்றிலிருந்து, கையால் நூற்ற நூலுக்குக் காட்டுச்செடிச் சாயம் ஏற்றுவதே அவள் பிழைப்பு, பெருமை, உயிர், எல்லாம்.

போன மாதம் ஓர் அதிசயம் நடந்தது. அதே பூ, அதே பானை. ஆனால் நூல் பாசிப்பச்சையாக வெளியே வந்தது! அன்று கணவனோடு பெரும் சண்டை. பானைமேல் குனிந்து குமுறிக் குமுறி அழுதிருந்தாள். "இது என் கண்ணீர் கலந்த நிறம்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். அந்த நூலில்தான் நெசவுக்கார அக்கா தன் மகளுக்குப் போர்வை நெய்யத் தொடங்கினாள். பாதியில் நூல் தீர்ந்தது. இன்று அதே பச்சை வராவிட்டால், பாக்கெட் சாயக் கடைக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள். அதைவிட ஓர் அவமானம் உண்டா? பாழாய்ப்போன பானையோ மஞ்சளையே கக்கியது.

கறைக்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள். கண் காய்ந்து கிடந்தது.

"வெங்காயம் நறுக்கேன்" என்றான் கணவன்.

"அது பொய்க் கண்ணீருங்க! என்னைத் திட்டுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேளுங்க!"

"உன்... உன் சமையல் வாயில வைக்க முடியல."

"தட்டை வழிச்சு நக்கினீங்களே?"

"அவ அம்மாவ இழுங்க தம்பி" என்று அக்கா எடுத்துக் கொடுத்தாள். "எந்த வீட்லயும் தவறாது."

"அவங்க நல்லவங்கக்கா."

"சரி, அன்னைக்கு எதுக்குச் சண்டை?"

"என் ஸ்பேனரைத் தொலைச்சுட்டா."

"நானா தொலைச்சேன்?" கறைக்கை வெடித்தாள். "வீட்டையே கவுத்துக் காட்டுறேன், தேடிக்குங்க!"

கூடை கவிழ்ந்தது. பெட்டி கவிழ்ந்தது. போன மாதச் செடிச் சக்கை கிடந்த சாக்கும் கவிழ்ந்தது. டணங்! துருவேறிய ஸ்பேனர் தரையில் விழுந்து உருண்டது. அதைச் சுற்றி ஒட்டியிருந்த சக்கை முழுக்கப் பாசிப்பச்சை.

கணவனின் குரல் கிணற்றுக்குள் போனது. "அன்னைக்கு அடுப்புத் திருகாணிய முடுக்கிட்டு... பானை விளிம்புல வச்சேன்... உள்ள விழுந்திருக்கும்..."

"அப்ப இந்தத் துருதான் வேலை பார்த்திருக்கு" என்றாள் அக்கா. ஸ்பேனரை எடுத்து, கொதிக்கும் பானையில் நூலோடு போட்டாள். மூவரும் எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் மெல்ல மங்கியது, கறுத்தது, பச்சையானது. அக்கா தன் மடியிலிருந்த பழைய நூலை அருகே பிடித்தாள். அச்சு அசல்!

"அப்ப என் கண்ணீருக்கு ஒரு மதிப்பும் இல்லையா?" என்றாள் கறைக்கை. இத்தனை நேரம் வராத கண்ணீர் இப்போது மடை திறந்து பானைக்குள் கொட்டியது.

"ஐயோ, அழாதடி! நிறம் மாறிடப் போகுது!" அக்கா கழியால் நூலை வெளியே தூக்கினாள்.

அலசிப் பிழிந்த நூலை அணைத்துக்கொண்டு அவள் படியிறங்கும்போது கேட்டாள்: "தெருவுல கேட்டா என்னடி சொல்லட்டும்?"

கறைக்கை கன்னத்தைத் துடைத்தாள், கன்னமும் பச்சையானது. "கண்ணீருன்னே சொல்லுங்கக்கா. உண்மையைச் சொன்னா நாளைக்கு ஊரே ஸ்பேனரை வேகவைக்கும்."

"அப்ப எனக்கு ஸ்பேனரு?" என்று உள்ளிருந்து ஒரு பரிதாபக் குரல்.

"கேட்டீங்கன்னா திரும்ப அழுதுடுவேன்!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் நடந்தாள். கறைக்கை கதவைச் சாத்தினாள். கதவில் புதிதாக ஒரு பச்சைக் கை பதிந்தது.