மாவில் பதிந்த கை

என் எசமானி கிரிசல் அம்மாவுக்குச் சந்தேகப்படாவிட்டால் தூக்கம் வராது. கோழி முட்டையிடாவிட்டால் என் பாவாடைப் பையைத் தடவிப் பார்ப்பாள். பாதிரியார் வீட்டுக்கு வந்து ஜெபத்தை நீட்டினால், சாப்பாட்டுக்கு அடி போடுகிறார் என்பாள். அவள் பண்ணையில் ஆறு வருடம் அடுப்படி வேலை பார்த்தவள் நான். மிகைப்படுத்தவில்லை.

ஓட்ஸ் மாவுப் பெட்டிதான் அவளுக்கு உயிர். படுக்கப் போகுமுன்பும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போதும், மாவைச் சமன்செய்து அதன்மேல் தன் கையைப் பதித்துவைப்பாள். வந்து பார்க்கும்போது அந்தக் கை கலையாமல் இருக்க வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் கை இருந்தது. மாவுதான் இறங்கிக்கொண்டே போனது.

எடுக்கிறவள் மறுபடி சமன்செய்து, தன் கையைப் பதித்துவிட்டுப் போகிறாள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வீட்டில் பெண் கை என்றால் ஒன்று அவளுடையது, மற்றது என்னுடையது. விஷயம் அவள் புருஷன், எங்கள் எசமான் கில்பர்ட் காதுக்கும் போயிற்று.

வேலையாட்களின் ஒப்பந்தம் முடிகிற மே மாதக் கெடு நெருங்கியிருந்தது. அதற்கு முன்னால் எசமான் ஒவ்வொரு ஆளையும் பார்த்து, இருக்கிறாயா என்று கேட்பார். கேட்காமல் தாண்டிப்போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். திருடி என்ற பெயரோடு போகிறவளை எந்த அடுப்படியும் சேர்க்காது.

ஒரு ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும் அவள் என்னைப் பெட்டிக்கு இழுத்துப்போனாள்.

"வெச்சுக் காட்டுடி, மார்ஜரி."

"வெக்கிறேன். பொருந்தலேன்னா என்ன செய்வீங்க?"

வலது கையை இறக்கினேன். தடத்தில் கட்டைவிரல் எதிர்ப்பக்கம் இருந்தது. மாவில் இருந்தது இடது கை; அவள் எப்போதும் பதிப்பது வலது. இத்தனை நாளும் கை இருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, எந்தக் கை என்று பார்க்கவில்லை மகராசி.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "எஃபி" என்றாள்.

எஃபி அவள் மகள். இடது கையால் சாப்பிடுகிறாள் என்று சின்ன வயதில் கரண்டியாலேயே அடி வாங்கியவள். ஒரு மீன்காரனோடு ஓடிப்போய், மலைக்கு அந்தப்பக்கம் குடியிருந்தாள். வாசல்படி மிதித்தால் போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்று கில்பர்ட் பைபிள்மேல் சத்தியம் செய்திருந்தார். சொன்னால் செய்கிற மனிதர். அந்த வருடம் கடலில் மீன் இல்லை.

கிரிசல் அந்தத் தடத்தைத் துடைத்து அழித்தாள். "நீ ஒண்ணும் பாக்கலே."

என் வேலை போகிறதே என்றேன். அவள் பெட்டி மூடியைச் சாத்தினாள். மகளைக் காப்பாற்ற என்னைக் குழியில் தள்ளுகிறாள் என்று நினைத்தேன்.

கேட்கிற நாள் வந்தது. சாப்பாட்டு மேசையில் எசமான் உழவாட்களை ஒவ்வொருவராகக் கேட்டார். என்னைத் தாண்டிக் கரண்டியை எடுத்தார்.

"அவ இருப்பா," என்றாள் கிரிசல். "மாவை எடுத்தது நான்."

"எதுக்கு?"

"வித்தேன்."

உழவாட்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். எசமான் என் பக்கம் திரும்பி, "இருக்கியா?" என்றார்.

"இருக்கேங்கய்யா."

மறுநாள் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். சாவியை அவள் கண்ணெதிரே என் கையில் கொடுத்தார். தன் வீட்டு மாவை அவள் என்னிடம் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. கேட்டதற்கு மேல் எஃபிக்கென்று நான் அள்ளிப் போடுவேன். ஊரையே சந்தேகப்பட்டவள், அது ஏன் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.