கடைசி போல்ட்

அக்கா ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் கார் ரேஸ் ஓட்ட வேண்டும். அதற்காகத் தென்காசியில் எங்கள் ஷெட்டில் இன்ஜினை முழுதாகப் பிரித்து மாட்டியவன் நான்.

வெள்ளிக்கிழமை காலை, குற்றாலம் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். இன்ஜின் அருமையாகச் சீறியது. அக்கா சிரித்தபடி வேகத்தைக் கூட்டினாள்.

இலஞ்சியைத் தாண்டும்போதுதான் எனக்குத் திக்கென்றது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கடைசி போல்ட்டை மாட்டும்போது ஒரு போன் வந்ததே, திரும்பி வந்து அதை இறுக்கினேனா? வேகத்தில் அது கழன்றால் இன்ஜினே உடைந்து சிதறும். ஆனால் மறுபடி பிரித்தால் ஞாயிறுக்குள் மாட்டி முடிக்க முடியாது; ரேஸ் போய்விடும். இறுக்கியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தருவி வளைவில் அக்கா இன்னும் வேகமெடுத்தபோது தாங்க முடியவில்லை.

“அக்கா, நிறுத்து! ஒரு போல்ட்ட முறுக்குனேனான்னு தெரியல.”

உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தாள். காரைக் கட்டி இழுத்து வந்து பிரித்தோம். அந்த போல்ட் இரண்டு விரலிலேயே சுழன்றது.

தலைகுனிந்து நின்றேன். அக்கா என் தோளைப் பிடித்தாள். “ரேஸ அடுத்த தடவ பாத்துக்கிடலாம்லே. ஞாபகம் வந்த உடனே சொல்லிட்டியே, அது போதும்.”

நான் தலையாட்டினேன். இலஞ்சியிலிருந்து ஐந்தருவி வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.