ஸ்டென்சிலில் கட்டிய மீன் கொட்டகை

நகராட்சி மன்றக் கூட்டத்தில் என்ன முடிவானது என்பதைக் கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பே நான் தட்டச்சு செய்து முடித்துவிடுவேன். இதில் ரகசியம் எதுவும் இல்லை. தாம்பரத்தை ஒட்டியிருந்த அந்த நகராட்சியில், பெயர் வேண்டாம், வேலை நடக்கும் முறையே அதுதான். கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப் போகும் பொருள்களின் பட்டியலை மூன்று நாள் முன்னதாக உறுப்பினர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அதற்கு ஸ்டென்சில் என்ற மெழுகுத் தாளில் எழுத்துகளை வெட்டும்போதே மேலாளர் இன்னொரு ஸ்டென்சிலும் வெட்டச் சொல்வார். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே 'மன்றம் விவாதித்து ஏகமனதாக அனுமதித்தது' என்று இருக்கும். கூட்டம் முடிந்த மறுநாள் அதைச் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் மாட்டிச் சுற்றினால் தீர்மான நகல் தயார்.

"எப்படி சார், பேசறதுக்கு முன்னாடியே?" என்று முதல் தடவை கேட்டேன்.

மேலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "டைப்பிங்ல ஹையர் பாஸ் பண்ணியிருக்கேன்னு சொன்னியே தம்பி? அடி."

தொண்ணூறுகளின் பிற்பாதி. பல வருஷம் தனி அலுவலர் ஒருவரே நகராட்சியை நடத்தி, பிறகு தேர்தல் வந்து, மன்றம் என்று ஒன்று மறுபடி உட்கார்ந்திருந்த நேரம். நான் அங்கே தினக்கூலி தட்டச்சர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். வருஷத்துக்கு ஒருமுறை என் வேலையை நீட்டிக்க மன்றத்தின் அனுமதி வேண்டும். பட்டியலில் கடைசிப் பொருளாக அது வரும். அதையும் நானே அடிப்பேன்.

அம்மா மீன் விற்றாள். விடியற்காலை முதல் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் போய், காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு, ஒன்பது மணிக்கெல்லாம் கூடையோடு திரும்பிவிடுவாள். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டோரம், அம்மாவோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். கேட் மூடியதும் வந்து நிற்கும் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும்தான் அவர்களுடைய வியாபாரம். சும்மா நிற்கிற மனிதன் கூடையைப் பார்ப்பான், பார்த்தால் விலை கேட்பான். எதிரே வர வேண்டிய ரயில் தாமதமாகிவிட்டால் அன்றைக்கு மத்திகூட மிஞ்சாது. கேட் இல்லாத இடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் பிழைக்க முடியாது என்று அம்மா சொல்வாள்.

பட்ஜெட் கூட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு வரைவுத் துணைவிதி என் மேஜைக்கு வந்தது. மெயின் ரோட்டில் திறந்தவெளியில் மீன், இறைச்சி விற்கக் கூடாது, நகராட்சி அமைக்கும் கொட்டகையில் மட்டுமே விற்க வேண்டும், ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அடித்துக் கொடுத்தேன். அலுவலக அறிவிப்புப் பலகையில், பழைய ஏல நோட்டீஸ்களுக்கு மேல் அதை ஒட்டினார்கள். அதே வாரம் வரவு செலவுத் திட்டத்தின் கைப்பிரதியும் வந்தது. அதில் ஒரு வரி: ரயில்வே கேட் அருகில் மீன் அங்காடிக் கொட்டகை. அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலுவலகம் விட்டதும் நேரே கேட்டுக்கு ஓடினேன்.

"இன்னாடா ஆபீசரு, மூஞ்சி பளபளன்னு கீது?" என்றாள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கருவாடு விற்கும் அக்கா.

நான் விவரத்தைச் சொன்னேன். அக்கா ஈயை விரட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ரோட்ட வுட்டு எந்திரின்றான். அத்தப் போயி சிரிச்சிக்கினே சொல்றியே."

"கொட்டகை வருதுக்கா. சிமெண்ட் தரை, தண்ணிக் குழாய், ஆளுக்கு ஒரு மேடை. பட்ஜெட்ல ஏறிடுச்சி."

"ஏறினது எறங்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அச்சில் ஏறியதும் இறங்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தப் பெண்களுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. தனி அலுவலர் காலத்தில் ஒருமுறை சுகாதாரப் பிரிவு ஆட்கள் தராசுகளைப் பிடுங்கிக்கொண்டு போனபோது, பன்னிரண்டு பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் இல்லை, கோஷம் இல்லை. வெயில் ஏறியது. கூடைகள் தங்கள் வேலையைப் பார்த்தன. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அலுவலரே வெளியே வந்து தராசுகளைக் கொடுத்தனுப்பினாராம்.

"இந்த வாட்டியும் அத்தாண்டா பண்ணணும்," என்றாள் அக்கா. "மீட்டிங்கு அன்னிக்கி போயி குந்திக்கலாம். கேட்டாண்ட கொட்டா கட்டினப்பறம் எந்திரிக்கிறோம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லலாம்."

எனக்கு உடம்பு கூசியது. அதே வராந்தா வழியாகத்தான் தினமும் வெள்ளைச் சட்டையோடு நான் உள்ளே போகிறேன். "அதெல்லாம் வேணாங்கா. விதின்னு ஒண்ணு இருக்கு. எழுதிக் குடுத்தா மீட்டிங்ல படிச்சே ஆவணும். நான் எழுதறேன்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "புள்ள உள்ளாறவே கீறான். அவுனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது? உடு."

மனுவை இரண்டு நாள் எழுதினேன். கேட் அருகில் கொட்டகை கட்டி முடிக்கும் வரை எங்களை எழுப்பக் கூடாது என்பதுதான் சாரம். அலுவலகத்து மை டப்பாவை எடுத்து வந்து பன்னிரண்டு பெருவிரல்களைப் பதித்தேன். செதில் ஒட்டிய விரல்கள், ரேகை சரியாகவே விழவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இன்னாருடைய இடது கைப் பெருவிரல் ரேகை' என்று எழுதினேன். அதற்குக் கீழே எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பேனாவும் என் கையில்தான் இருந்தது. கடைசிப் பொருள் ஞாபகத்துக்கு வந்தது. நகராட்சிக்கு எதிரான மனுவில் நகராட்சித் தட்டச்சனின் பெயர் எதற்கு என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கினேன். அம்மாவிடம் அந்த முத்திரையைக் காட்டினேன். அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

கூட்டத்துக்கு ஸ்டென்சில் வெட்டும் நாள் வந்தது. துணைவிதிக்கு வேறொரு பழைய தீர்மானத்தை மாதிரியாகக் கொடுத்தார் மேலாளர். 'கொட்டகை வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளதாலும், பொதுமக்களிடமிருந்து ஆட்சேபணை எதுவும் வரப்பெறாததாலும்' என்று அதைப் பார்த்து நான் அடிக்க வேண்டிய வாசகம் போனது.

"சார், ஒரு மனு வந்திருக்கே?"

"கூட்டத்துல படிச்சா அப்புறம் திருத்திக்கலாம். சிவப்புத் தண்ணி இருக்குல்ல?"

சிவப்புத் தண்ணி என்றால் ஸ்டென்சிலில் பிழையை மூடும் திரவம். நகப்பூச்சு மாதிரி நாறும். நம்பி அடித்தேன்.

கூட்டத்தன்று என்னை ஓரமாக ஒரு ஸ்டூலில் குறிப்பெடுக்க உட்கார வைத்தார்கள். உறுப்பினர்களின் மேஜையில் பட்ஜெட் புத்தகமும் காகிதத் தட்டில் போண்டாவும் இருந்தன. பெண் உறுப்பினர்களின் கணவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பொஸ்தகத்த எல்லாரும் படிச்சிட்டீங்கல்ல?" என்றார் தலைவர்.

"அதெல்லாம் ஆச்சு தலைவரே," என்று ஓர் உறுப்பினர் எழுந்தார். "ஒரு கோரிக்கை. நம்ம ஊருக்கு நுழைவு வளைவு இல்ல. பக்கத்து ஊர்க்காரன் சும்மா ஜம்முனு வளைவு வெச்சிட்டான். பஸ்ல வர்றவனுக்கு நம்ம ஊர் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. பேஜாரா கீது."

தலைவர் கணக்கரைப் பார்த்தார். கணக்கர் பக்கங்களைப் புரட்டினார். "மீன் கொட்டகை ஒண்ணு இருக்கு சார். இடம் இன்னும் அளக்கல."

"அப்ப அத இப்படித் திருப்பு. கொட்டகைய அடுத்த வருஷம் பாத்துக்கலாம். என்னப்பா?"

"ஆல் பாஸ்!" என்று ஒரு குரல். மேஜைகள் தட்டப்பட்டன. ஓர் ஊரின் ஒரு வருஷம் அத்தோடு முடிந்தது.

ஆணையர் அடுத்ததை வாசித்தார். "பொருள் எண் பத்தொன்பது. துணைவிதி." எங்கள் வார்டின் பெண் உறுப்பினர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். பின்னாலிருந்து அவருடைய கணவர் "ஆல் பாஸ்" என்றார். அந்தம்மா வாயை மூடிக்கொண்டார். மனுவை யாரும் படிக்கவில்லை. அப்படி ஒன்று அந்த அறைக்குள் வரவே இல்லை.

"இருபதுலேர்ந்து முப்பத்தொண்ணு வரைக்கும்?"

"ஆல் பாஸ்!"

முப்பத்தொன்று நான்தான். போண்டா இன்னும் ஆறியிருக்கவில்லை.

மறுநாள் காலை மேலாளரின் மேஜை முன்னால் போய் நின்றேன். "சார், கொட்டகைய எடுத்துட்டாங்க. பத்தொன்பதுல கொட்டகை இருக்கறதாலன்னு போட்டிருக்கோம். ஆட்சேபணையும் வரலன்னு இருக்கு. திருத்தணும் சார்."

அவர் கோபப்படவில்லை. இழுப்பறையைத் திறந்து மனுவை எடுத்து வைத்தார். ஓரத்தில் 'பார்வையிடப்பட்டது, கோப்பில் வைக்கவும்' என்று இருந்தது. "பன்னெண்டு கைநாட்டு. சாட்சி யாருப்பா? சாட்சி இல்லாத கைநாட்டு கறைதானே?"

நான் வெறுமையாக விட்டிருந்த இடத்தின் மேல் அவர் விரலை வைத்தார்.

"எழுத்தப் பாத்தா நம்ம ஆபீஸ் எழுத்து மாதிரி தெரியுது." பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். "இப்பகூடப் போடலாம். போட்டுட்டு சிவப்புத் தண்ணிய எடு. பத்தொன்பதத் திருத்தலாம், அப்படியே முப்பத்தொண்ணையும் திருத்திடலாம்."

பேனா நீட்டியபடியே இருந்தது. பிறகு நான் ஸ்டென்சிலை எடுத்துக்கொண்டு போய் இயந்திரத்தில் மாட்டினேன். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஆட்சேபணை வரவில்லை, ஆட்சேபணை வரவில்லை என்று தாள்கள் வந்து விழுந்தன.

நகராட்சி லாரி கேட்டுக்கு வந்த அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். அம்மாவின் கூடையையும் தராசையும் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அம்மா முத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். மறு வாரத்திலிருந்து நகராட்சி எல்லைக்கு வெளியே, முடிச்சூர் ரோட்டில் ஒரு காலி மனைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அங்கே கேட் இல்லை. எவனும் நிற்பதில்லை. பாதிக் கூடை திரும்பி வரும். வளைவு மட்டும் சீக்கிரமே எழுந்துவிட்டது.

அடுத்த பட்ஜெட் கூட்டத்தன்று காலை வராந்தாவில் சலசலப்புக் கேட்டு வெளியே வந்தேன். பன்னிரண்டு கூடைகள், பன்னிரண்டு பெண்கள். என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மா மூன்றாவதாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு தூணைப் பார்த்தாள்.

மேலாளர் என் பின்னால் வந்து நின்றார். கையில் துணைவிதியின் நகல். "இப்ப இது சட்டம். திறந்தவெளியில கூடையோட உக்காந்தாலே அபராதம், மீனையும் பறிமுதல் பண்ணலாம். உங்க ஜனம்தானே, நீயே படிச்சுக் காட்டு. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தா அள்ளிடுவாரு."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அவர்களுடைய நல்லதுக்குத்தான் படிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தேன். நானே அடித்தது, எழுத்து எழுத்தாகத் தெரியும். முதல் வரியில் ஒருமுறை தடுக்கியது, அப்புறம் சரளமாக வந்துவிட்டது. கருவாட்டு அக்கா வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

அம்மாதான் முதலில் எழுந்தாள். கூடையின் விளிம்பைப் பிடித்து இடுப்புக்கு ஏற்றினாள். "எந்திரிங்கடி. சட்டமாம்," என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். குரலில் கிண்டல் இல்லை. அலுவலகத்தில் யாரிடமும் பேசுகிற குரல்தான். "நாங்க போறோம் சார்."

தண்ணீர் சொட்டிய தடம் படியில் இறங்கி வாசல் வரை போயிருந்தது. உள்ளே மணி அடித்தார்கள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அன்றைய பட்ஜெட்டில் மீன் கொட்டகை மறுபடி இருந்தது. பட்டியலின் கடைசிப் பொருளாக நானும் இருந்தேன்.