யோகட் கப் வெளிச்சம்

மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய டோர்ச் லைட் என் கைக்கு வருமுன்பே வாவிக்கரைக்குப் போய்விட்டது. கொண்டுபோனவர் என் வீட்டுக்காரர். கூட்டாளிகளோடு கூடி நின்று அக்கரைக் கண்டல் மரங்களுக்கு அடித்துப் பார்த்தார்களாம். எங்கள் ஆட்களுக்கு டோர்ச் என்றால் ஒரே கேள்விதான்: எவ்வளவு தூரம் அடிக்கும்? வலையும் தோணியுமாகப் பிழைக்கிறவர்கள். தூரத்தில் நட்ட வலைக்கம்பு தெரிந்தால்தான் அவர்களுக்கு அது வெளிச்சம்.

"அக்கரையில கொக்கு நிண்டதும் தெரிஞ்சது கா," என்று வந்து நின்றார்.

"கொக்கைப் பாத்து நான் என்ன செய்ய? எனக்குக் காலடியில கிடக்கிற கல்லுத் தெரியணும்."

மகன் போனில் அதற்கு மேலே. "அம்மா, ஒரு கிலோமீற்றர் அடிக்கும்!"

"ஒரு கிலோமீற்றருக்கு அங்கால எனக்கு ஆரு மனே இருக்கா?" என்றேன். சிரித்தான்.

என் கண்ணுக்குப் பகலில் பெரிய குறை இல்லை. பொழுதுபட்டால் மங்கிவிடும். நேரே பார்ப்பது தெரியும், இரண்டு பக்கமும் இருட்டு. இதற்கு மருந்தில்லை, இருக்கிற பார்வையைக் கவனமாக வைத்திருங்கள் என்று கண் டொக்டர் சொல்லிவிட்டார். நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பு முடியும்போது இருட்டிவிடும். முதலில் அவர்தான் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போவார். பிள்ளைகளின் தாய்மார் பார்த்துக்கொண்டு நிற்க, அரிசி மூட்டை மாதிரி நான் பின்னால் குந்தியிருப்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் நன்றாகச் சண்டை பிடித்தேன். "ஓம், உன்ட விருப்பம், தனிய வா," என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து பழைய டோர்ச்சோடு தனியே நடந்து வந்தேன். அந்தக் கொஞ்ச நடையில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பழையது பழுதாகிவிட, கட்டார் டோர்ச்சோடு வந்த முதல் நாளே ஒழுங்கையோரம் கழிவுநீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். அதன் வெளிச்சம் தூரத்தில் ஒரு வெள்ளை வட்டமாக விழுந்தது. வட்டத்துக்குள் கண் கூசியது, வெளியே ஒன்றுமே இல்லை. விழுந்த கையோடு ஓடிவந்து தூக்கியவர் என் வீட்டுக்காரர்தான். கடைக்குத் தேங்காய் வாங்க வந்தாராம்.

வீட்டுக்கு வந்து முழங்காலுக்கு மருந்து போட்டபடியே சொன்னார். "இன்னொருக்கா விழுந்தா வகுப்பு வேணாம். நான் சொல்லிட்டன்."

சொன்னால் சொன்னதுதான். வகுப்பை விட்டால் பொழுதுபட்ட பிறகு நான் வீட்டுக்குள் கிடக்கும் ஒரு சாமான், வேறென்ன?

மறுநாள் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெள்ளைச் சுவரில் டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். நடுவில் சுள்ளென்று ஒரு பொட்டு, சுற்றிவர மங்கல் வளையம். எனக்கு வேண்டியது ஒரே சீராகப் பரவுகிற வெளிச்சம். நான் எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் அது முன்கூட்டியே அங்கே இருக்க வேண்டும். கண்ணாடியில் தேங்காயெண்ணெய் பூசினேன். பொட்டு கொஞ்சம் கலங்கியது, அவ்வளவுதான். ஷொப்பிங் பேக்கை மடித்துக் கட்டினேன். வெளிச்சம் பரவியது, ஆனால் சூட்டுக்குப் பை இளகி ஒட்டிக்கொண்டது. சனியன், அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கழுவிக் கவிழ்த்திருந்த வெள்ளை பிளாஸ்டிக் யோகட் கப் அப்போதுதான் கண்ணில் பட்டது. டோர்ச்சின் தலையில் கவிழ்த்தேன், இறுகப் பொருந்தியது. கப்பின் அடி கண்ணாடியிலிருந்து நாலு விரல் தள்ளி நின்றதால் இளகவில்லை, பொட்டும் கரைந்து போனது. சுவர் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி ஒரே வெளிச்சம். கப்பின் பக்கத்தால் என் கண்ணுக்கே அடித்தது மட்டும் தொல்லை. என் பக்கமாக வரும் பாதியில் கறுப்பு டேப் ஒட்டினேன். தூரம் போச்சு. போகட்டும்.

அன்று வகுப்பு முடிந்து ஒழுங்கையில் இறங்கினேன். வேலி, கான், கல், ஆட்டுப் புழுக்கை, எல்லாம் தெரிந்தது. எனக்குப் பாட்டு வராத குறைதான். மதகடியில் நாய் ஒன்று குரைக்க அந்தப் பக்கம் திரும்பினேன். பூவரச மரத்தோடு ஒட்டி இரண்டு கால்கள். ஒரு செருப்பின் வார் நீலம், மற்றதன் வார் சிவப்பு. அந்தச் சிவப்பு வாரைப் போட்டுக் கொடுத்தவள் நான்.

"இஞ்ச என்ன செய்யிறீங்க?"

"சும்மா... காத்து வாங்க..."

"எத்தின நாளாக் காத்து வாங்கிறீங்க?"

தலையைச் சொறிந்தார். எனக்கு விளங்கிவிட்டது. நான் தனியே நடந்ததாக நினைத்த ஒவ்வொரு நாளும் இந்த மனுசன் வெளிச்சமில்லாமல் இந்த மரத்தடியில் நின்று, என்னைப் போகவிட்டு, பின்னால் நடந்திருக்கிறார். தேங்காய் வாங்க வந்தவரின் கையில் தேங்காய் எங்கே என்று நான் அன்று கேட்கவேயில்லை. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் பெருமை முழுக்க ஒரு நொடியில் போய்விட்டது. கடவுளே, அந்த நேரம் அவரை அடிக்கவும் வேண்டும், கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போலிருந்தது.

"நாளைக்கு வீட்டில நில்லுங்க," என்றேன். "இந்த வெளிச்சத்தில நீங்க ஒளிச்சு நிக்க ஏலாது."

"விழுந்தா?"

"விழுந்தா வகுப்பை விடுறன்."

அடுத்த நாள் மதகடிக்கு வந்ததும் இரண்டு பக்கமும் நன்றாகத் திரும்பிப் பார்த்தேன். பூவரச மரம் மட்டும் நின்றது. திடீரென்று பயம் பிடித்தது. கப்பை இன்னொருமுறை இறுக்கி, வெளிச்சத்தைக் காலடிக்குத் தாழ்த்தினேன். கொஞ்சம் நின்று, பிறகு நடந்தேன்.

எங்கள் வீட்டு வாசற் கடப்படியில், வளவுக்கு உள்ளேதான், அவர் நின்றார். ஒரு கால்கூட வெளியே இல்லை.

"வந்திட்டியா?" என்றார்.

"வந்திட்டன்," என்றேன். அன்றுதான் முதல் முதலாக நான் தனியே நடந்து வந்தேன்.